இடம் மாறிய அடுப்பு

கரும்பலகையில் வட்டம் வரைய மரத்தால் செய்த பெரிய கவராயம் ஒன்று எங்கள் காலத்துப் பள்ளிக்கூடங்களில் இருந்தது. ஒரு காலில் ஊசி, மற்றக் காலில் வெண்கட்டி. சூரியக் குடும்பம் பாடம் வரும்போதெல்லாம் ஊசியைப் பலகையின் நடுவில் குத்துவேன். அதுதான் சூரியன். பிறகு கவராயத்தை அகட்டி அகட்டி ஒவ்வொரு கோளுக்கும் ஒரு வட்டம். நான் கடைசியாகப் படிப்பித்த வகுப்பறையில் குத்திக் குத்தி அந்த இடத்தில் ஒரு குழியே விழுந்துவிட்டது. ஊசி தானாகப் போய் அதில் உட்காரும். சூரியன் நடுவில் அசையாமல் நிற்கிறது, கோள்கள் அதைச் சுற்றி வருகின்றன என்று 36 வருடங்கள் சொல்லிக் கொடுத்தேன்.

அதில் முதற்பாதி பிழை. சூரியனும் அசைகிறது. கோளும் விண்மீனும் சேர்ந்து, இரண்டுக்கும் பொதுவான ஒரு புள்ளியைச் சுற்றுகின்றன. படிப்பிக்கிற காலத்திலும் இது எனக்குத் தெரியாமலில்லை. நான் படித்த கணக்குத்தான். பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டிருக்கக் கூடாது என்று இந்த 72 வயதில் நினைக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் பலர் இப்போது தாய் தகப்பன்மார். அந்த ஊசிக்குழி அவர்கள் மனத்திலும் இருக்கும். அதைத் தூர்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன். என் வீட்டில் நடந்த ஒன்றும் எழுத வைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மட்டக்களப்பு மாவட்டத்துச் சித்தாண்டி எங்கள் ஊர். ஊர்க்காரருக்கு இந்தப் பொதுப் புள்ளியை விளங்கப்படுத்தத் தயிர்க்காரர் ஒருவர் போதும். மயிலத்தமடு, மாதவணைப் பக்கத்துப் பட்டிகளிலிருந்து வரும் பாலை உறையவைத்து, சட்டி சட்டியாகக் காவுதடியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றவர்களை என் வயதுக்காரர் கண்டிருப்பார்கள். இப்போது அதெல்லாம் மோட்டார் சைக்கிளில் போகிறது. விடியப்புறம் புறப்படும்போது தடியின் இரு முனையிலும் சமமான சட்டிகள் இருக்கும். தோள் நடுவில் இருக்கும். விற்க விற்க ஒரு பக்கம் குறையும். அதற்காக அவர் வீதியோரம் குந்தியிருந்து சட்டிகளை மாற்றிக் கட்டமாட்டார். தடியை ஒரு எத்து எத்தித் தோளைப் பாரமான பக்கத்துக்குக் கிட்டக் கொண்டுபோவார். ஐந்தடித் தடியில் ஒரு முனையில் எட்டுச் சட்டி, மறுமுனையில் இரண்டு என்றால், பாரமான முனையிலிருந்து ஓரடியில் தோள். எட்டை ஒன்றால் பெருக்கினாலும் எட்டு, இரண்டை நான்கால் பெருக்கினாலும் எட்டு. அவர் பள்ளிக்கூடம் போகாதவராக இருக்கலாம். அவருடைய தோளுக்குத் திணிவு மையம் தெரியும்.

அந்தத் தடியை அப்படியே வானத்துக்குக் கொண்டுபோவோம். ஒரு முனையில் சூரியன், மறுமுனையில் வியாழன். தடியின் நீளம் சராசரியாக 77 கோடியே 80 இலட்சம் கிலோமீற்றர். வியாழன் லேசுப்பட்ட கோள் இல்லை. பூமியைப்போல 318 மடங்கு திணிவு. மற்ற எல்லாக் கோள்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதில் பாதிக்கு வராது. ஆனால் சூரியனின் திணிவு அந்த வியாழனைப்போல 1,047 மடங்கு. ஆகவே தோள் வைக்கவேண்டிய இடம் சூரியனுக்கு மிகவும் கிட்ட, அதன் மையத்திலிருந்து ஏறத்தாழ 7 இலட்சத்து 42 ஆயிரம் கிலோமீற்றரில் வருகிறது. சூரியனின் ஆரை 6 இலட்சத்து 96 ஆயிரம் கிலோமீற்றர். கழித்துப் பாருங்கள். அந்தப் புள்ளி சூரியனுக்கு வெளியே இருக்கிறது, ஒன்றுமே இல்லாத வெறும் வெளியில். அதைத்தான் வியாழன் பெரிய வட்டமாகவும் சூரியன் சின்ன வட்டமாகவும் சுற்றுகின்றன. எந்த நேரமும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம். வியாழனுக்கு ஒரு சுற்று 11.86 வருடம். சூரியனும் அந்தச் சின்ன வட்டத்தை முடிக்க அதே 11.86 வருடம் எடுக்கிறது. வியாழன் செக்கனுக்கு 13 கிலோமீற்றர் ஓட, சூரியன் செக்கனுக்குப் பன்னிரண்டரை மீற்றர் நகர்கிறது. மணிக்கு 45 கிலோமீற்றர். செங்கலடிச் சந்திக்குக் கிட்ட பஸ் வேகத்தைக் குறைத்து வருமே, அந்த அளவு.

சனியும் மற்றக் கோள்களும் தம் பங்குக்கு இழுப்பதால், உண்மையான பொது மையம் சில காலம் சூரியனுக்கு உள்ளேயும் சில காலம் வெளியேயும் இருக்கும். நியூட்டன் 1687 இல் வெளியிட்ட பிரின்சிப்பியா நூலிலேயே, சூரியன் ஓயாமல் அசைகிறது, ஆனால் பொது மையத்தை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை என்று எழுதிவைத்தார். குருப்பெயர்ச்சி வந்தால் வருடத்துக்கு ஒரு இராசி என்று கணக்குப் பார்க்கிறோமே, அந்தப் பன்னிரண்டு இராசியும் வியாழனின் ஒரு சுற்றுத்தான். நான் பிறந்தபின் வியாழன் ஆறு சுற்று முடித்துவிட்டது. அந்த ஆறு தடவையும் சூரியனைக் கூடவே சுற்றவைத்திருக்கிறது.

இதைப் பேரனுக்கு முற்றத்தில் செய்து காட்டினேன். மகளின் கடைசி மகன், வயது ஏழு. அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றத் தொடங்கினேன். அவன் கால் நிலத்தை விட்டுக் கிளம்பியதும் நான் என்னை அறியாமலே பின்னுக்குச் சாய்ந்தேன். சாயாவிட்டால் அவனோடு சேர்ந்து முன்னுக்கு விழவேண்டியதுதான். மூன்று சுற்றுக்கு மேல் என்னால் ஏலவில்லை. இறக்கிவிட்டதும் அவன் குனிந்து மணலைப் பார்த்தான். காலையில் கூட்டிய மணலில் என் குதிகால் ஒரு சின்ன வட்டம் கீறியிருந்தது. சோற்றுக் கோப்பையின் அகலம் இருக்கும்.

"அம்மப்பா, நீங்களும் சுத்தித்தான் இரிக்கீங்க" என்றான்.

அந்தச் சின்ன வட்டத்தைத் தேடித்தான் வானியலாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அலைந்திருக்கிறார்கள். தூரத்து விண்மீனைச் சுற்றும் கோள் கண்ணுக்குத் தெரியாது. விண்மீனின் ஒளி அதை மூடிவிடும். பெற்றோல்மக்ஸ் விளக்கின் பக்கத்தில் பறக்கும் மின்மினியைப் பத்து மைலுக்கு அப்பால் நின்று எப்படிப் பார்ப்பது? ஆனால் விளக்கு லேசாக ஆடினால் அதைக் கவனிக்கலாம். ஆகையால் கோளைத் தேடுகிறவர்கள் விண்மீனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது அசைகிறதா என்று.

இந்த முயற்சியில் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்கதை ஒன்று உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தின் தலைவரான கப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 1855 இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒபியூக்கஸ் என்னும் பாம்பாட்டி விண்மீன் கூட்டத்தில் 70 என்ற எண் பெற்ற ஒரு விண்மீன் உண்டு. பார்வைக்கு ஒன்று, தொலைநோக்கியில் இரண்டு. இரண்டும் ஏறத்தாழ 88 வருடத்துக்கு ஒரு தடவை ஒன்றையொன்று சுற்றிவரும். அந்தச் சுற்று கணக்குப்படி போகவில்லை என்று ஜேக்கப் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கிருந்து இழுப்பதாக இருக்கலாம் என்று எழுதினார். சூரியக் குடும்பத்துக்கு அப்பால் ஒரு கோள் இருப்பதாக அளவெடுத்துக் கூறிய முதல் ஆட்களில் அவர் ஒருவர். அதைக் கூறியது தமிழ் மண்ணிலிருந்து. அவர் சொன்ன கோள் அங்கே இல்லை என்பது பிறகு தெரிந்தது. எனக்கு அதனால் அவர்மேல் மதிப்புக் குறையவில்லை. இரண்டு புள்ளிகளை வருடக்கணக்கில் அளந்து, மயிரிழை விலகலைக் கண்டு, "இங்கே யாரோ இருக்கிறார்கள்" என்று சொல்ல ஒரு மனம் வேண்டும். கருவிதான் அவருக்குப் போதவில்லை.

தேவையான கருவி பலன் தந்தது 1995 இல். மிசேல் மேயர், டிடியே குவெலோ என்ற இரு சுவிஸ் அறிஞர்கள் பிரான்சின் ஓட் புரோவான்ஸ் வானாய்வகத்திலிருந்து 51 பெகாசி என்ற விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது செக்கனுக்கு ஐம்பது, அறுபது மீற்றர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைந்தது. நான்கு நாளுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் ஒரு முறை, பிசகாமல். வியாழனில் பாதித் திணிவுள்ள ஒரு கோள் அதை இழுக்கிறது என்று அறிந்தார்கள். 2019 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த அசைவை அவர்கள் அளந்த விதம் எங்கள் வீதியோரத்தில் குடியிருப்பவர்களுக்குப் பழக்கமானது. திருகோணமலை வீதியில் இரவு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும்போது சத்தம் கூர்மையாக இருக்கும். வீட்டைக் கடந்ததும் தணிந்து மொத்தமாகிவிடும். ஒளியும் அப்படித்தான். விண்மீன் எங்கள் பக்கம் வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப்பக்கம் ஒதுங்கும், விலகும்போது சிவப்புப்பக்கம் ஒதுங்கும். அந்த ஒதுக்கத்தை அளந்தால் வேகம் கிடைக்கும். வேகத்தையும் சுற்றும் காலத்தையும் விண்மீனின் திணிவையும் வைத்து, காணாத கோள் குறைந்தது எவ்வளவு பாரம் என்பதைக் கணித்துவிடலாம்.

இலங்கைக்கென்று ஒரு விண்மீனும் கோளும் இருப்பது பலருக்குத் தெரியாது. சர்வதேச வானியல் ஒன்றியம் தனது நூறாவது ஆண்டை ஒட்டி, 2019 இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதன் கோளையும் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னது. இலங்கைக்குக் கிடைத்தது எச்டி 205739 என்ற விண்மீன். அதற்குச் 'சாமய' என்றும் கோளுக்குச் 'சமகிய' என்றும் பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் சாமய என்றால் சமாதானம், சமகிய என்றால் ஒற்றுமை. அந்த வருடம் ஏப்ரல் 21 இல், உயிர்த்த ஞாயிறு காலையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் குழந்தைகள் எத்தனை பேர் என்பது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே வருடம் டிசம்பரில் சமாதானம், ஒற்றுமை என்ற இரண்டு பெயர்கள் வானத்துக்குப் போயின.

அந்தக் கோளைக் கண்டுபிடித்தது 2008 இல், சிலி நாட்டின் லாஸ் கம்பனாஸ் மலையிலுள்ள மெகெல்லன் தொலைநோக்கியால். வியாழனைவிடக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூடின திணிவு. 280 நாளில் ஒரு சுற்று. சுற்றுவது சரியான வட்டமும் இல்லை, நீண்டு கிடக்கும் ஒழுக்கு. ஒரு காலம் விண்மீனுக்குக் கிட்ட வந்து வேகமாக ஓடும். இன்னொரு காலம் தூர விலகி மெல்லப் போகும். அது இழுக்கும் இழுப்பில் சாமய செக்கனுக்கு ஏறத்தாழ 40 மீற்றர் அசைகிறது. சமகியவை நேரில் கண்டவர் எவரும் இல்லை. சாமய அசைந்தபடியால்தான் அது இருப்பது தெரிந்தது.

புரட்டாசி மாதத்து இரவில் ஒன்பது மணிக்குமேல் தெற்கே பாருங்கள். தென்கிழக்கில் தனியாக ஒரு விண்மீன் பிரகாசமாக நிற்கும். ஃபோமல்ஹாட் என்று பெயர். அதற்கு வலப்பக்கம் தள்ளி, வெறும் கண்ணுக்கு எட்டாத மங்கலில் சாமய இருக்கிறது. நல்ல பைனாகுலர் இருந்தால் பிடிக்கலாம். ஏறத்தாழ 300 ஒளியாண்டுத் தூரம். இன்று எங்கள் கண்ணுக்கு வரும் அதன் ஒளி புறப்பட்ட நேரத்தில் மட்டக்களப்புக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள்.

பெயர்கள் தமிழிலும் இருந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். ஆனாலும் அந்த இரண்டு சொற்களையும் விரும்பி ஏற்கிறேன், கருத்து எனக்கும் உரியது. என் கவலை வேறு. இந்த நாட்டில் எண்ணிக்கையில் பெரியவர்கள், சிறியவர்கள் என்று மக்கள் பிரிந்து நிற்கிறோம். ஒற்றுமை வேண்டும் என்று பேசும்போதெல்லாம் சிறியது சுற்றிவரட்டும், பெரியது இருந்த இடத்தில் இருக்கட்டும் என்ற எண்ணம்தான் பேச்சுக்குக் கீழே கிடக்கிறது. என் கரும்பலகைப் படம்போல. சிறிய மக்களாகிய நாங்களும் எங்களைவிடச் சிறியவர்களிடம் அப்படித்தான் நடக்கிறோம். ஈர்ப்பில் அந்த ஒழுங்கு கிடையாது. சூரியன் வியாழனை எவ்வளவு விசையால் இழுக்கிறதோ, அதே அளவு விசையால் வியாழன் சூரியனை இழுக்கிறது. துளியும் கூடக் குறைய இல்லை. சிறுவயதில் மண்டூர்ப் பக்கம் கொம்புமுறி பார்த்திருக்கிறேன். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகி, இரண்டு வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இழுப்பார்கள். கொளுவின இடத்தில் இரண்டு கொம்புக்கும் ஒரே வலி. எந்தப் பக்கம் ஆள் கூட என்பது கொம்புக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று இழுக்கும் என்பதை இந்தப் பகுதியில் எவருக்கும் நான் பாடமாக எடுக்கத் தேவையில்லை. 1990 இல், போருக்கு அஞ்சி, சுற்றுவட்டார ஊர்ச்சனம் வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தது. செப்டம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் வீட்டு விறாந்தை லைட் ஒருநாளும் அணைவதில்லை. கலியாண வீட்டுக்குப் போனாலும் இருட்டுமுன் எழும்பிவிடுவாள். வெளியூரில் தங்கமாட்டாள். மற்றப் பிள்ளைகள் கனடாவுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. புதிதாக வந்த ஒருவர் பார்த்தால், இந்த மனுசி ஏன் இப்படி ஒரே வட்டத்தில் நடக்கிறாள் என்று நினைப்பார். அவளுடைய நடையை அளந்தால் அந்தப் பிள்ளை எவ்வளவு பாரமானவன் என்று தெரியும்.

இனி என் வீட்டுக் கதை.

மட்டக்களப்பில் குடி தாய்வழியில் வரும். வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். நான் மண்டூரான். 1979 இல் குருமண்வெளித் துறைக்குத் தோணியில் கடந்து, பஸ் ஏறி, ஒரு பெட்டியோடு சித்தாண்டிக்கு மருமகனாக வந்தேன். முருகன் ஊரிலிருந்து முருகன் ஊருக்கு. வந்த நாள்முதல் ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. சொந்த ஊரை விட்டவன் நான், இடம் மாறியவன் நான், அவள் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். பிறந்த வீடு, தாயின் குசினி, தெரிந்த சனம். பிறகு எனக்கு வாகரை, மூதூர், ஏறாவூர் என்று இடமாற்றம். வாகரையில் இருந்தபோது மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவேன். மூதூரில் அதுவும் இல்லை. கிட்ட வந்தும் தூரப் போயும் ஓடினவன் நானே என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அதை வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன், சபையில், அவள் கேட்கத்தக்கதாக. "இவவுக்கென்ன, இவ ஒரு அங்குலம் அசைஞ்சிருப்பாவா?" என்று. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

போன வருடம் மகள் வீட்டைத் திருத்தத் தொடங்கினாள். மேற்குப் பக்கத்துப் பத்தியை உடைத்து அங்கே ஒரு அறை எடுக்கவேண்டும் என்பது திட்டம். நான் அறிய அது விறகும் உரலும் கிடக்கிற பத்தி. மேசன் வேலைக்கு வந்தவர் என்னிடம் படித்த பிள்ளை. சுவரில் உளியை வைத்துத் தட்டினார். சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. ஒரு பூச்சுக்குக் கீழே இன்னொரு பூச்சு, அதற்குக் கீழே இன்னொன்று. கடைசியில் களிமண் சுவரில் கறுப்பாக ஒரு தடம் வந்தது. நிலத்திலிருந்து இடுப்பளவு உயரம். அடியில் அகலம், மேலே போகப் போக நா மாதிரி ஒடுங்கிப் போனது. கை வைத்தால் இன்னும் கரி ஒட்டியது.

"சேர், இஞ்ச முந்தி அடுப்பு இருந்ததா?"

"இல்லையே, குசினி எந்தக் காலத்திலயும் கிழக்காலதான்" என்றேன்.

பின்னால் தேத்தண்ணியோடு வந்த என் மனைவி சொன்னாள்: "இருந்தது மனே. அம்மாட அடுப்பு அது. இவருக்கு முட்டு. கச்சான் காத்துக்குப் புகை முழுக்க வீட்டுக்குள்ளதான் வரும். இவர் ராவு ராவாக் குந்தி இரிந்து இருமுவார். அதான் மாத்திப்போட்டன்."

சொல்லிவிட்டுக் கோப்பையை மேசனிடம் கொடுத்துப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்துக் காற்றை அறியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கோடையில் மேற்கேயிருந்து கச்சான் வீசும். வரண்ட, சூடான காற்று. மேற்கே அடுப்பு இருந்தால் புகை வீட்டுக்குள் நுழையும். கிழக்கே இருந்தால் புகை வெளியே போய்விடும், வீட்டில் படுத்திருப்பவனுக்குச் சுகம். ஆனால் மாரியில் காற்று மாறும். வாடை கிழக்கும் வடக்குமாக அடிக்கும், மழையோடு அடிக்கும். அப்போது கிழக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்திருப்பவளின் முதுகில் தூவானம், கண்ணில் புகை, விறகு ஈரம். ஒவ்வொரு மாரியும் அவள் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு அடுப்பூதுவதை நான் கண்டிருக்கிறேன். சில மாரியில், "ஏன் சோறு இவ்வளவு நேரம்?" என்று கேட்டுமிருக்கிறேன்.

அன்று பின்னேரம் மேசன் போனபிறகு அளவுநாடாவை எடுத்தேன். கறுப்புத் தடத்திலிருந்து இப்போதைய அடுப்புக் கல் வரை 22 அடி. நான் ஓடிய ஓட்டத்துக்கு, மூதூருக்கும் வாகரைக்கும் அலைந்த மைல்களுக்கு, 22 அடி என்ன பெரிது என்று தோன்றலாம். ஆனால் அந்த வீட்டில் அவளே விண்மீன் என்பது அளவுநாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வீடு அவளுடையது, வளவு அவளுடையது, குடி அவளுடையது. சுற்றி வரவந்த கோள் நான். நான்தான் பெரிய வட்டத்தில் ஓடினேன், எல்லோர் கண்ணுக்கும் தெரிய ஓடினேன். வந்தவனுக்காக அவள் தன் தாயின் அடுப்பைக் கல்லோடு பெயர்த்து வைத்ததை யாரும் காணவில்லை. கூடவே இருந்த நானும் காணவில்லை, கணக்குப் படிப்பித்தவன்.

இரவு சாப்பிடும்போது கேட்டேன், ஏன் இத்தனை வருடமும் சொல்லவில்லை என்று.

"சொல்லுறதுக்கு அதுல என்ன இரிக்கு?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அம்மா மூணு மாசம் என்னோட கதைக்கல்ல. அடுப்ப மாத்தினா வீட்டுக்குக் கூடாது எண்டு" என்றாள்.

மாமி என்னோடு அந்த நாட்களில் நன்றாகத்தான் பேசினா. மருமகனுக்குச் சோறு போட்டுக்கொடுத்து, மீன் முள்ளை எடுத்துவிட்டா. அந்த மூன்று மாதமும் ஒரே வீட்டுக்குள் தாயும் மகளும் பேசாமல் இருந்திருக்கிறார்கள், நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். நான் இரவில் வாசிப்பதற்காக அவள் தன் பாயைச் சன்னல் பக்கத்திலிருந்து எடுத்துச் சுவர் பக்கம் போட்டிருக்கிறாள். மண்டூரில் எங்கள் வீட்டில் காரம் குறைவு என்று, தன் நாக்குக்குப் பிடித்த கறியை மாற்றியிருக்கிறாள். கேட்கக் கேட்க வந்துகொண்டேயிருந்தது. எல்லாம் சின்னச் சின்ன அசைவு. ஒரு கை அகலம், ஒரு கரண்டி அளவு. நான்தான் நிறமாலையை ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை.

என்னிடம் படித்த பிள்ளைகளே, நீங்கள் கணவனாகவோ மனைவியாகவோ, பிள்ளையாகவோ, மேலதிகாரியாகவோ இருப்பீர்கள். உங்கள் பக்கத்தில் ஒரே இடத்தில் நிற்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் இருப்பார். அவரிடம் போய்க் கேளுங்கள். நான் கேட்கப் பிந்திவிட்டேன், ஆனாலும் கேட்டேன், பதில் சொல்ல ஆள் இருந்தாள். அந்த அளவில் எனக்குக் கொடுப்பினை.

மகளின் திட்டம் மாறியது. மேற்குப் பத்தியில் அறை வேண்டாம், குசினியைத்தான் மாற்றவேண்டும் என்று சொன்னேன். குசினியை எங்கே எடுப்பது என்று மகள் என்னைக் கேட்டாள், வழக்கம்போல. நான் அவளுடைய தாயைப் பார்த்தேன். கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருடமானாலும், சோறும் மீன்கறியும் விறகடுப்பில் வைத்தால்தான் அவளுக்குச் சமைத்த மாதிரி. எழும்பிப் போய் அந்தக் கறுப்புத் தடத்துக்கு முன்னால் நின்றாள். "இதிலயே வையுங்க" என்றாள்.

"அப்ப அப்பாட முட்டுக்கு?" என்றாள் மகள்.

"பம்ப் இரிக்கு. தெற்கு அறைக்குக் கச்சான் வராது, நான் அங்க படுக்கிறன்" என்றேன்.

தெற்கு அறை நெல் மூட்டை அடுக்குகிற இடம். சின்ன அறை. மூட்டைகளை இரண்டு பொடியன்மார் வந்து விறாந்தைக்கு மாற்றினார்கள். கட்டிலை நானே இழுத்தேன். முதிரைக் கட்டில், நல்ல பாரம். இரண்டடி இழுத்து மூச்சு வாங்கி நின்றபோது பேரன் ஓடிவந்து ஒரு காலைப் பிடித்துத் தள்ளினான். வாசற்படியில் சிக்கியதும் மனைவி மற்ற முனையைத் தூக்கிக் கொடுத்தாள். கட்டில் போனபிறகு நடு அறையில் நாலு கால் நின்ற இடமும் சீமெந்தில் நாலு பள்ளமாகத் தெரிந்தது. பேரன் ஒவ்வொரு பள்ளத்திலும் கட்டைவிரலை வைத்து ஆழம் பார்த்தான்.